உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வது: சுய ஹிப்னாடிசம் பழகத் தொடங்குபவர்களுக்கு

நாளை காலை இன்டர்வியூ. விளக்கை அணைத்துப் படுத்தாயிற்று, தூக்கம் வரவில்லை. மண்டைக்குள் ஒரு குரல், "போன தடவை மாதிரியே நாக்கு ஒட்டிக்கப் போகுது பாரு" என்கிறது. கூடவே படமும் ஓடுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். உங்கள் கை வேர்க்கிறது. படுக்கையிலேயே, நிஜமாகவே வேர்த்துவிடுகிறது.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் சுய ஹிப்னாடிசத்துக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. உடம்பு அசையாமல் கிடக்கிறது, கண் மூடியிருக்கிறது, கவனம் முழுக்க ஒரே விஷயத்தில் குவிந்திருக்கிறது. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது, காட்சி தெரிகிறது, உடம்பு அதை நம்பிவிடுகிறது. வகுப்புக்குப் போகாமல், பணம் கட்டாமல் நாம் எல்லோரும் கற்றுவைத்திருக்கிற வித்தைதான். என்ன, நமக்கு எதிராகவே வேலை செய்கிறது. அதே வித்தையைத் தெரிந்தே, நமக்கு வேண்டிய வாக்கியத்தோடு எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

வசியமும் இல்லை, மயக்கமும் இல்லை

1841 நவம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் லாஃபோன்டேன் என்பவர் மெஸ்மரிசம் செய்து காட்டினார். செய்பவரின் கையிலிருந்து ஏதோ காந்த சக்தி எதிராளிக்குள் பாய்கிறது என்பது அந்தக் காலத்து மெஸ்மரிசக்காரர்களின் வாதம். பார்க்க வந்திருந்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர் அதை ஏற்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு நண்பரை ஒயின் பாட்டிலின் வாய்ப்பகுதியையும், தன் மனைவியைச் சர்க்கரைக் கிண்ணத்தில் இருந்த வேலைப்பாட்டையும் இமைக்காமல் உற்றுப் பார்க்கச் சொன்னார். சில நிமிடங்களில் அவர்கள் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. யாருடைய கையும் வீசப்படவில்லை. நடந்ததெல்லாம் பார்த்தவரின் சொந்தக் கவனத்தால் நடந்தது. பின்னாளில் தன் வாத வலிக்கு பிரெய்டு தனக்குத்தானே இதைச் செய்துகொண்டார். சுய ஹிப்னாடிசம் அவ்வளவு பழைய சங்கதி.

அதனால் யாரும் உங்களை வசப்படுத்தப்போவதில்லை. பயிற்சியின்போது மின்விசிறிச் சத்தம் கேட்கும், தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவுவது கேட்கும், வேண்டும் என்றால் எந்த நொடியும் கண்ணைத் திறக்கலாம். பலருக்கு முதல் தடவை ஏமாற்றமாக இருப்பதே இதனால்தான். "எனக்கு ஒண்ணுமே ஆகலையே, எல்லாம் கேட்டுச்சே" என்பார்கள். அப்படித்தான் இருக்கும். படம் பார்க்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனதுகூடத் தெரியாமல் ஒன்றிப்போகிறோமே, அந்த அளவு ஒன்றுதல் போதும்.

எல்லோருக்கும் இது ஒரே ஆழத்தில் வராது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1959-இல் இதற்கென்றே ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள். அதன் பிறகு நடந்த சோதனைகளில் பத்தில் ஒருவர் அல்லது அதைவிடச் சற்று அதிகமானோர் மிக எளிதாக ஆழ்ந்து போகிறார்கள், ஏறக்குறைய அதே அளவினருக்கு அநேகமாக எதுவும் நடப்பதில்லை, மற்றவர்கள் நடுவில் இருக்கிறார்கள். நீங்கள் எதுவும் நடக்காத வகை என்றால் கீழே வரும் மூச்சுப் பயிற்சியும் சுயபேச்சும் மட்டும் போதும், அவற்றுக்கே பலன் உண்டு.

எதற்கு உதவும்? பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955-இலும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958-இலும் ஹிப்னாடிசத்தை மருத்துவத்தில் பயன்படுத்தத்தக்கது என்று ஏற்றன. வலி, சிகிச்சைக்கு முந்தைய பதற்றம் ஆகியவற்றில் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. வயிறு அடிக்கடி கலங்கும் ஐ.பி.எஸ். தொந்தரவுக்கு மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு 1984-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு திருப்பம். மருந்தால் ஓராண்டாகியும் தேறாத ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று இன்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. சிகரெட்டை விடுவதற்கு இது மற்ற வழிகளைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்று பலமாக இல்லை. "ஏழே நாளில் ஆளே மாறிவிடுவீர்கள்" என்பதற்குச் சான்றே இல்லை.

முதலில் ஒரே ஒரு விஷயம்

தன்னம்பிக்கை வேண்டும், கோபம் குறைய வேண்டும், உடம்பு இளைக்க வேண்டும், இங்கிலீஷ் சரளமாக வர வேண்டும் என்று பட்டியல் போட்டு உட்கார்ந்தால் எதுவும் நடக்காது. ஒன்றை எடுங்கள். அதையும் சின்னதாக்குங்கள். "தன்னம்பிக்கை" ரொம்பப் பெரிது. "திங்கட்கிழமை மீட்டிங்கில் என் முறை வரும்போது குரல் நடுங்காமல் முதல் வரியைச் சொல்லி முடிப்பது" என்பது கையில் பிடிக்கக்கூடிய அளவு. எந்த இடம், எந்த நேரம், யார் எதிரே என்று சொல்ல முடிந்தால் சரியான அளவுக்கு வந்துவிட்டீர்கள்.

வாக்கியத்தைச் செதுக்குவது

பயிற்சியில் முக்கால்வாசி இதுதான் என்பது என் கருத்து. கண்ணை மூடுவது, எண்ணுவது எல்லாம் யாருக்கும் வந்துவிடும். தப்பான வாக்கியத்தோடு கண்ணை மூடினால்தான் வம்பு.

எமில் கூவே என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர் 1920-களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கலக்கினார். "ஒவ்வொரு நாளும், எல்லா விதத்திலும், நான் மேலும் மேலும் நன்றாக ஆகிக்கொண்டிருக்கிறேன்" என்று காலையில் எழுந்ததும் இரவு படுக்கும்போதும் 20 தடவை சொல்லச் சொன்னார். எண்ணிக்கை தவறாமலிருக்க 20 முடிச்சுப் போட்ட கயிறும் வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்று கடைகளில் குவிந்திருக்கும் 'நேர்மறை வாக்கியங்கள்' எல்லாவற்றுக்கும் ஒருவகையில் பாட்டனார் அவர்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோன் உட் என்பவரின் குழு 2009-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. தன்னைப் பற்றி ஏற்கெனவே தாழ்வாக நினைப்பவர்களிடம் "நான் அன்புக்குரியவன்" என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது அவர்கள் மனநிலை, அதைச் சொல்லாத அதே மாதிரியானவர்களைவிட மோசமாக இருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். "நான் ரொம்பத் தைரியசாலி" என்று வாய் சொல்லும்போதே உள்ளே ஒரு குரல் "யாரு, நீயா?" என்று கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பதில் குரலுக்குத்தான் பயிற்சி கிடைக்கிறது.

ராத்திரி வருகிற அந்தக் கவலைக் குரல் ஏன் இவ்வளவு சுலபமாக ஜெயிக்கிறது என்று யோசித்தால் வழி தெரியும். அது நம்பும்படி இருக்கிறது, போன தடவை நடந்ததை வைத்துப் பேசுகிறது. குறிப்பான இடத்தைப் பற்றிப் பேசுகிறது. படத்தோடு வருகிறது. அப்புறம், அது நம் வீட்டுப் பேச்சில் பேசுகிறது. "தங்கள் நாவு ஒட்டிக்கொள்ளக்கூடும்" என்று எந்தக் கவலையும் சொல்வதில்லை. நம் வாக்கியத்துக்கும் இதெல்லாம் வேண்டும்.

நம்பும்படி இருக்க வேண்டும் என்றால் எட்டிப் பிடிக்கக்கூடிய அடுத்த படியைச் சொல்லுங்கள். "எனக்குப் பயமே இல்ல" என்பதற்குப் பதிலாக "பயம் வந்தாலும் மெதுவா ஆரம்பிப்பேன்." சொல்லிப் பாருங்கள், உள்ளே மறுப்பு எழுகிறதா? எழுந்தால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். "மெதுவா ஆரம்பிக்கப் பழகிட்டு இருக்கேன்." மறுப்பு வராத இடம் வரும்வரை இறக்கலாம், வெட்கமில்லை.

செய்யக் கூடாததைச் சொல்லாதீர்கள். "பதறக் கூடாது, பதறக் கூடாது" என்றால் மனம் பதற்றத்தைத்தான் எடுத்து வைத்துக்கொள்ளும். வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று சொல்லி டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் வெளியிட்ட சோதனை பிரபலமானது. கரடி வந்துகொண்டே இருந்தது. பதறாமல் இருக்கும் நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? அதைச் சொல்லுங்கள். "கால் ரெண்டும் தரையில இருக்கு, மூச்சு விட்டுட்டுப் பேசுவேன்."

முடிந்தால் 'எப்போது' என்பதையும் உள்ளே கட்டுங்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் விஷயம் இது. "உடற்பயிற்சி செய்வேன்" என்று சபதம் எடுப்பவர்களைவிட, "இன்னது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று தருணத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். "என் பேரைக் கூப்பிட்டதும் ஒரு மூச்சு விடுவேன், அப்புறம் எழுந்திருப்பேன்." இதில் ஊக்கமூட்டும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் வேலை செய்யும்.

வீட்டுப் பேச்சில் எழுதுங்கள் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். "நான் அமைதியாக இருக்கிறேன்" என்று எழுத்துத் தமிழில் சொன்னால் அது செய்தி வாசிப்பு. யாழ்ப்பாணத்துக்காரர் "மெல்லமாத் தொடங்குவன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் யோசித்தே வேலை பார்க்கிற ஆள் என்றால் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், தப்பில்லை.

இடமும் நேரமும்

பத்து நிமிடம் யாரும் கூப்பிடாத இடம். நம் வீடுகளில் அதுதான் பெரிய காரியம். மொட்டை மாடியின் தண்ணீர்த் தொட்டி நிழல், கோயில் பிராகாரத்துத் தூண், ஆபீஸ் வந்து சேர்ந்ததும் நிறுத்திய காரின் பின்சீட்டு, எது கிடைக்கிறதோ அது. வீட்டில் சொல்லிவிட்டே உட்காருங்கள். ஒளித்துச் செய்தால் கதவு தட்டப்படுமோ என்று காது அங்கேயே இருக்கும்.

முதுகு சாயும் நாற்காலி நல்லது. படுத்தால் தூங்கிவிடுவீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் அப்படியே. போனை சைலன்ட்டில் வைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு மெதுவான ஒலியோடு ஓர் அலாரம் வைத்துக்கொள்ளலாம், நேரம் என்ன ஆயிற்று என்ற நினைப்பு ஒழியும்.

உள்ளே போவது

எதிரே சுவரில், புருவ மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ஆணி, கறை, காலண்டரின் மூலை, எதுவானாலும் சரி. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி அதைப் பாருங்கள். பிரெய்டு தன் அறுவைக்கத்திப் பெட்டியை நோயாளியின் நெற்றிக்கு மேலாகப் பிடித்ததும் இதே காரணத்துக்குத்தான். மேல்நோக்கிப் பார்த்தால் கண் சீக்கிரம் களைக்கும். இமை கனத்துத் தானாக இறங்கத் தொடங்கும்போது விட்டுவிடுங்கள். ஒரு நிமிடமாகியும் இறங்கவில்லை என்றால் நீங்களே மூடிக்கொள்ளுங்கள், இதில் பரீட்சை ஒன்றுமில்லை. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருப்பவர்கள் இந்தப் படியைத் தவிர்த்து நேரே கண்ணை மூடலாம்.

இப்போது மூச்சு. நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. ஏழெட்டு மூச்சுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு அதன் போக்கில் விடலாம். தலை சுற்றினால் நீங்கள் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள், சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

அடுத்தது உடம்பு. பெர்லினில் யோஹானஸ் ஷுல்ட்ஸ் என்ற மனநல மருத்துவர் 1932-இல் வெளியிட்ட ஆட்டோஜெனிக் பயிற்சி இதற்கு நல்ல சட்டகம். அவர் ஆறு நிலைகள் வைத்திருந்தார். தொடங்குபவருக்கு முதல் இரண்டு போதும்: கனம், வெதுவெதுப்பு. "வலது கை கனமா இருக்கு" என்று மனதுக்குள் மெதுவாக ஐந்தாறு தடவை. பிறகு இடது கை, கால்கள். அடுத்து அதே வரிசையில் "கை கதகதப்பா இருக்கு." கனமாக்க முயற்சி செய்ய வேண்டாம். தசை தளர்ந்தால் கை இயல்பாகவே கனமாகத்தான் தெரியும், சொல்வது அதைக் கவனிப்பதற்காக மட்டும்.

யோகா வகுப்பில் சவாசனத்தில் படுத்து, ஆசிரியர் உடம்பின் பாகங்களை ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்டிருந்தால் இது உங்களுக்குப் பழக்கமான ஊர்தான். பீகாரின் முங்கேரில் பள்ளி நிறுவிய சத்தியானந்த சரஸ்வதி பரப்பிய யோக நித்திரையில் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு சங்கல்பம் சொல்லிக்கொள்வார்கள். குறுகிய வாக்கியம், தளர்ந்த உடம்பு. அதைச் செய்பவர்கள் இந்தப் படியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், புதிதாக எதுவும் கற்க வேண்டாம்.

கடைசியாக, பத்திலிருந்து ஒன்று வரை, மூச்சு விடும்போது ஒவ்வொரு எண்ணாக இறங்குங்கள். சிலர் படிக்கட்டில் இறங்குவதாகக் கற்பனை செய்வார்கள். உங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றடிக்கோ ஆற்றங்கரைக்கோ இறங்கும் நிஜப் படி ஏதாவது ஞாபகத்தில் இருந்தால் அதையே வையுங்கள், இல்லாத கடற்கரையைவிட அது மேல்.

உள்ளே செய்யும் வேலை

வாக்கியத்தை மெதுவாக, மூச்சு விடும்போது ஒரு தடவை என்ற கணக்கில், பத்துத் தடவை போலச் சொல்லுங்கள். 20 முடிச்சுக் கயிறு தேவையில்லை, விரல்களை எண்ணினால் போதும். எந்திரம் மாதிரி ஓட்ட வேண்டாம், ஒவ்வொரு தடவையும் அர்த்தம் காதில் விழ வேண்டும்.

பிறகு படம். நீங்கள் தேர்ந்தெடுத்த அந்தத் தருணத்தை உங்கள் கண் வழியாகப் பாருங்கள். மீட்டிங் அறை, ஏசி குளிர், மேசையின் வழவழப்பு. ஒரு முக்கியமான விஷயம்: கைதட்டலோடு தொடங்காதீர்கள். வெற்றியை மட்டும் இனிக்க இனிக்கக் கற்பனை செய்பவர்கள் நிஜத்தில் குறைவாக உழைக்கிறார்கள் என்று கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் தன் ஆய்வுகளில் கண்டார். மனம் ஏற்கெனவே ஜெயித்துவிட்டதாகத் தளர்ந்துபோகிறது. தடங்கலையும் படத்தில் சேருங்கள். குரல் லேசாக நடுங்குவதைப் பாருங்கள். நடுங்கியதும் நீங்கள் கால் தரையில் இருப்பதை உணர்வதை, ஒரு மூச்சு விடுவதை, அடுத்த வரியைத் தொடர்வதைப் பாருங்கள். அந்தச் சின்ன மீட்சியைத்தான் ஒத்திகை பார்க்கிறோம்.

படம் தெரியவில்லை என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. சிலருக்கு மனக்கண்ணில் காட்சியே வராது. அவர்கள் சத்தத்தையும் தொடு உணர்வையும் வைத்துச் செய்யலாம், நாற்காலி இழுபடும் சத்தம் போதும்.

படம் ஓடும்போதே கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாகச் சேர்த்து வையுங்கள். தினமும் இதே இடத்தில் இதே மாதிரி. பிறகு நிஜ மீட்டிங்கில் மேசைக்கு அடியில் அந்த விரல்களைச் சேர்த்து ஒரு மூச்சு விட்டால், பழகிய தளர்ச்சியில் கொஞ்சமாவது கூடவே வரும். மந்திர முத்திரை எதுவும் இல்லை, பழக்கத்தின் வேலை.

வெளியே வருவது

இதைப் பலர் விட்டுவிட்டு, அப்புறம் மந்தமாக இருக்கிறது என்பார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுங்கள். மூன்றில் கை முஷ்டியை இறுக்கி, கையை நீட்டிச் சோம்பல் முறியுங்கள். நான்கில் ஆழமாக மூச்சு. ஐந்தில் கண்ணைத் திறந்து, அறையில் இருக்கும் ஏதாவது மூன்று பொருள்களை வாய்விட்டுப் பெயர் சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து எழுந்திருங்கள். தூங்குவதற்காகச் செய்தால் மட்டும் இந்தப் படி வேண்டாம், அப்படியே தூங்கிவிடலாம்.

பதிவு செய்து வைக்க ஒரு மாதிரி

போனில் உங்கள் குரலிலேயே பதிவு செய்து கேட்டால் ஆரம்பத்தில் சுலபம். வரிகளுக்கு நடுவே நன்றாக இடைவெளி விடுங்கள், நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு மெதுவாக.

"கண்ணு மூடியிருக்கு. மூச்சு தானா போய்ட்டு வருது. வெளியில சத்தம் கேக்குது, கேக்கட்டும். வலது கை கனமா இருக்கு... நல்லா கனமா இருக்கு. இடது கையும் கனமா இருக்கு. தோள் கீழ இறங்குது. தாடை தளருது. இப்போ பத்துலேர்ந்து எறங்குறேன். பத்து... ஒன்பது... (மெதுவாக ஒன்று வரை.) இங்க இப்போ செய்ய வேண்டியது எதுவும் இல்ல. நாளைக்கு என் பேரைக் கூப்பிட்டதும் ஒரு மூச்சு விடுவேன். அப்புறம் பேச ஆரம்பிப்பேன். குரல் நடுங்கினா நடுங்கட்டும். மூச்சு விட்டுட்டு அடுத்த வரியைச் சொல்வேன்."

கடைசி மூன்று நான்கு வரிகளை உங்கள் விஷயத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தன் குரலைப் பதிவில் கேட்கக் கூச்சமாக இருப்பது எல்லோருக்கும் உண்டு. சில நாளில் பழகிவிடும், பழகவில்லை என்றால் பதிவில்லாமல் செய்யலாம்.

நாள் முழுக்க ஓடும் பேச்சு

பத்து நிமிடம் நல்ல வாக்கியம் சொல்லிவிட்டு, மீதி நாள் முழுக்க "என்னை மாதிரி முட்டாள் உண்டா" என்று திட்டிக்கொண்டிருந்தால் கணக்கு நேராகாது.

திட்டை உடனே புகழ்ச்சியாக மாற்ற வேண்டாம். தகவலாக மாற்றுங்கள். "நான் எப்பவுமே லேட்" என்பது தீர்ப்பு. "இன்னைக்கு லேட்டாயிடுச்சு, டிபன் பாக்ஸைத் தேடுனதுல நேரம் போச்சு, ராத்திரியே எடுத்து வெச்சுடணும்" என்பது தகவல். 'எப்பவுமே', 'எதுவுமே', 'ஒருத்தருக்குமே' வருகிற இடங்களைக் கவனியுங்கள், அநேகமாக அங்கே பொய் இருக்கும்.

பதற்றமான நேரத்தில் 'நான்' என்பதை விட்டுவிட்டு உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் தன்னைப் பெயரால் அழைத்துப் பேசிக்கொண்டவர்கள் 'நான், நான்' என்று யோசித்தவர்களைவிடக் குறைவாகத் தத்தளித்தார்கள், பேச்சும் மேலாக இருந்தது. தள்ளி நின்று பார்க்கும் இடைவெளி அதில் கிடைக்கிறது. "செல்வி, இந்தக் கேள்வியை மட்டும் பாரு, அடுத்ததை அப்புறம் பாத்துக்கலாம்." நம் வீடுகளில் பெரியம்மாவோ மாமாவோ பரீட்சைக்குப் போகும் பிள்ளையிடம் பேசும் தொனி இருக்கிறதே, "கண்ணு, நல்லா மூச்சு விடு, ஒண்ணும் அவசரமில்ல" என்று, அதையே உங்களுக்குக் கடன் வாங்குங்கள். தங்கையிடம் சொல்லத் தயங்கும் சொல்லை உங்களிடமும் சொல்லாதீர்கள்.

சில அன்றாட இடங்கள்

ஊசி, பல் மருத்துவர். இதற்கு இந்தப் பயிற்சி நன்றாகவே கைகொடுக்கும். கனமான கை, கதகதப்பு வரை பழகியிருந்தால், நாற்காலியில் சாய்ந்ததும் கவனத்தை வாயிலிருந்து எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் கொண்டுபோங்கள். "சத்தம் அங்க, நான் இங்க கைல." வலித்தால் கையைத் தூக்குவேன் என்று மருத்துவரிடம் முன்பே சொல்லிவைத்தால் பாதிப் பதற்றம் அங்கேயே போய்விடும். மயக்க மருந்து வேண்டாம் என்று வீரம் காட்டத் தேவையில்லை. மயக்க மருந்து புழக்கத்துக்கு வருவதற்குச் சற்று முன், 1845-இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவர் மெஸ்மரிசத்தை மட்டும் வைத்துப் பெரிய கட்டிகளையே அறுத்து எடுத்தார். ஈதரும் குளோரோஃபார்மும் வந்ததும் அது ஓய்ந்தது. நமக்கு மயக்க மருந்தும் இந்தப் பயிற்சியும் கிடைக்கும்போது இரண்டையும் வைத்துக்கொள்வோம்.

தூக்கம். "தூங்கியே ஆகணும்" என்ற வாக்கியம் தூக்கத்தின் எதிரி. "தூக்கம் வந்தா வரட்டும், உடம்பு ஓய்வா இருக்கு" போதும்.

கோபம். இங்கே கடினம், ஏனென்றால் கோபம் வரும்போது பயிற்சி நினைவுக்கு வராது. அதனால் கோபத்துக்கு முந்தைய அடையாளத்தோடு முடிச்சுப் போடுங்கள். சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குத் தாடை இறுகும். "தாடை இறுகினா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வருவேன்." பயிற்சியில் அந்த இறுக்கத்தைக் கற்பனை செய்து, தண்ணீர்ப் பானை வரை நடந்துபோவதையும் கற்பனை செய்யுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறக்கும் அப்பா அம்மாக்களுக்குச் சிறப்பாகப் பரிந்துரைக்கிறேன்.

பரீட்சை. படிக்காத பாடத்தை இது கொண்டுவந்து தராது. படித்ததை எடுக்கவிடாமல் தடுக்கும் பதற்றத்தைக் குறைக்கும், அவ்வளவே.

தடுமாற்றங்கள்

நினைப்பு ஓடும். கேஸ் புக் பண்ணினோமா, இஎம்ஐ போயிற்றா என்று வரும். வந்ததைக் கவனித்துவிட்டு வாக்கியத்துக்குத் திரும்புங்கள், திரும்புவதும் பயிற்சியில் சேர்த்திதான். தூங்கிவிட்டால் உங்களுக்குத் தூக்கம் பாக்கி இருக்கிறது, அதை முதலில் தீருங்கள். இரண்டு மூன்று வாரம் தினமும் செய்தும் அந்தத் தருணத்தில் எதுவும் மாறவில்லை என்றால் வாக்கியத்தை மாற்றுங்கள், பெரும்பாலும் அது பெரிதாக இருக்கும்.

எப்போது வேண்டாம்

வண்டி ஓட்டும்போது, அடுப்பு எரியும்போது, இயந்திரத்தின் பக்கத்தில் செய்யாதீர்கள். பதிவை ஹெட்போனில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுவதும் இதில் அடக்கம்.

இல்லாத குரல்கள் கேட்பது, நிஜத்திலிருந்து பிரிந்துபோகும் உணர்வு போன்றவை இருந்தால், அல்லது மனநோய்க்கோ வலிப்புக்கோ சிகிச்சையில் இருந்தால், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கண்ணை மூடியதும் பழைய கொடுமையான சம்பவம் ஏதாவது பொங்கி வந்தால், கண்ணைத் திறந்து நிறுத்திவிடுங்கள். அதைத் தனியாகத் தோண்டும் இடம் இது இல்லை, உளவியல் நிபுணரோடு செய்ய வேண்டியது. காரணம் தெரியாத வலியை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள், அதற்குப் பிறகு தளர்ச்சிப் பயிற்சி. சர்க்கரை, பிரஷர், மன அழுத்தம் எதற்கான மாத்திரையையும் இதை நம்பி நிறுத்தக் கூடாது.

பூர்வ ஜென்மத்துக்கு அழைத்துப்போகிறேன், மறந்த நினைவை மீட்டுத் தருகிறேன் என்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள். ஹிப்னாடிச நிலையில் தோன்றும் 'நினைவு' கற்பனையாக இருக்கலாம், ஆனால் உண்மை போலவே உறுதியாகத் தெரியும். அதை நம்பிக் குடும்பத்தில் ஒருவரைக் குற்றம் சாட்டியவர்களும் உண்டு. உள்ளே இருக்கும்போது கேட்கச் சொல்லி 'அதிர்வெண் ஆடியோ', அடுத்த நிலைக்கு இன்னொரு கட்டணம் என்று ஏற்றிக்கொண்டே போகும் வகுப்புகளுக்கும் இதே பதில்.

வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வருகிற அளவுக்கு உள்ளே குரல் கடுமையாகிவிட்டால் வாக்கியம் செதுக்கிக்கொண்டிருக்க வேண்டாம், மனிதரிடம் பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926. இந்தியாவின் எண்ணில் தமிழிலும் பேசலாம்.

மற்றபடி, முதல் விஷயம் ஓரளவு கைக்கு வந்ததும் அந்த வாக்கியத்தை ஓய்வெடுக்க விட்டுவிட்டு அடுத்ததை எழுதுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு வேண்டாம். பழைய வாக்கியங்களை ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவைத்தால், அடுத்த தடவை அதே மாதிரி மீட்டிங் வரும்போது புதிதாகச் செதுக்க உட்கார வேண்டியிருக்காது.